திரும்பி வந்த பாக்கெட்டுகள்

மார்ச் 4, திங்கள்

என் மேசையை ஜன்னலோரம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கிரைண்டர் கூடத்தின் சத்தம் இங்கே பாதிதான் கேட்கிறது. ஊறிய உளுந்தின் வாசனை மட்டும் குறையாமல் வருகிறது. எனக்கு அது பிடிக்கும். மாவுக் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியும் நான் வீட்டில் இட்லி சாப்பிடுவதை நிறுத்தவில்லை என்பதில் என் கணவர் அறிவழகனுக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

எங்கள் கம்பெனி இட்லி, தோசை மாவை அரைத்து, பாக்கெட் போட்டு, மதுரை முழுக்கக் கடைகளுக்கு அனுப்புகிறது. புளித்துப் பொங்கிவிட்டது என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பும் பாக்கெட்டுகளை எண்ணிப் பதிவு செய்வது என் வேலை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் தேதியும், அரைத்த ஷிப்டின் எண்ணும் அச்சிட்டிருக்கும். கல்லூரியில் புள்ளியியல் படித்தவள் என்பதால் இந்த வேலை கிடைத்தது.

மதியம் தாரணி மேடம் கூப்பிட்டார். முதலாளியின் மகள். சென்னையில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, போன தீபாவளிக்குப் பிறகு கம்பெனிக்கு வரத் தொடங்கியவர். இரண்டாம் ஷிப்டை இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப் போகிறார்களாம். மதியம் ஒரு மணிக்கு வரும் இருபத்திரண்டு பெண்கள். அவர்கள் அரைக்கும் மாவுதான் அதிகமாகத் திரும்பி வருகிறதாம். ஜனவரி அறிக்கையில் அவர்களுடைய ஷிப்டுக்கு நேரே சிவப்புப் பட்டை ஒன்று உயரமாக நின்றதாம். முதலாளி அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டாராம்.

"பெரிய கிரைண்டர் ஒண்ணு வாங்கி, முதல் ஷிப்டுலயே எல்லாத்தையும் அரைச்சிடலாம்னு அப்பா சொல்றாங்க. நீங்க மூணு மாச விவரத்தையும் சேர்த்து ஒரு பிரசென்டேஷன் ரெடி பண்ணிடுங்க. பதினொன்னாம் தேதி பாத்துடலாம்."

சரி என்றேன். சாயங்காலம் வரும் வழியில் வெண்டைக்காய் வாங்கினேன். எல்லாம் நல்ல பிஞ்சு.

மார்ச் 5, செவ்வாய்

செய்தி பரவிவிட்டது. ஷிப்ட் தொடங்குவதற்குக் கால்மணி நேரம் முன்பே காளீஸ்வரியக்கா என் மேசைக்கு வந்தார். இரண்டாம் ஷிப்டின் சூப்பர்வைசர். தலையில் வலைத்தொப்பி, கையில் சாப்பாட்டுத் தூக்கு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"யாரோ கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காட்டுனாகளாம்ல, நாங்க கையச் சுத்தமாக் கழுவுறதில்லைன்னு."

"கை கழுவுறதப் பத்தி ஒண்ணும் இல்லக்கா அதுல. எண்ணிக்கை மட்டும்தான்."

"அப்ப நீ பாத்துருக்க."

"ம்."

"எங்களக் காலம்பற ஷிப்டுக்கு வரச் சொன்னா எம்புட்டுப் பேரால வர முடியும் செம்பகம்? எம் மாமியா படுத்த படுக்கையா கெடக்கு. பாதிப் பேரு காலைல வீட்டு வேலைக்குப் போறாளுக. மத்தியானம்னாத்தேன் எங்களுக்குப் பொழுதே கெடைக்கும். யாரு அந்தப் படத்தப் போட்டதுன்னு கேட்டுச் சொல்லு. அவுககிட்ட நாலு வார்த்தை பேசணும்."

"கேக்குறேன்க்கா."

அவர் போனபின் பென்சில் சீவினேன். மூன்று பென்சில்.

மார்ச் 7, வியாழன்

இன்று பூராவும் பாக்கெட் எண்களோடு உட்கார்ந்திருந்தேன். முதல் ஷிப்டில் நூறு பாக்கெட் போனால் இரண்டு திரும்பி வருகிறது. இரண்டாம் ஷிப்டில் ஒன்பது. மூன்று மாதமாக இப்படியே.

மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைவாரியாகப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. இரண்டாம் ஷிப்ட் பாக்கெட்டுகள் ஏறக்குறைய முழுக்கத் தெருக்கடைகளுக்குத்தான் போயிருக்கின்றன. முதல் ஷிப்டுடையது எல்லாம் பெரிய டிபார்ட்மென்ட் கடைகளுக்கு.

வண்டிகளை அனுப்பும் பொறுப்பு சிக்கந்தர் பாயுடையது. அவரிடம் கேட்டேன்.

"அதுல என்னம்மா இருக்கு? காலைல அரைச்சது மத்தியானம் பெரிய கடைக்குப் போயிரும். சாயங்காலம் அரைச்சது நம்ம குளிர் அறையில இருந்துட்டு, விடியக்காலம் தெருக்கடைக்குப் போகும். நான் வந்த நாள்ல இருந்து அப்படித்தேன்."

"நம்ம குளிர் அறை சரியா இருக்கா பாய்?"

"உள்ள நின்னு பாரும்மா. பல்லு கிட்டிப் போகும்."

உள்ளே நின்று பார்த்தேன். உண்மைதான்.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். வரிசையில் காளீஸ்வரியக்காவைப் பார்த்தேன். "கேட்டியா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். எனக்குக் கொஞ்சம் விபூதி கொடுத்தார்.

மார்ச் 11, திங்கள்

முப்பத்தொரு பக்கம் தயாரித்திருந்தேன். ஷிப்டுவாரியாக, கடைவாரியாக, வாரவாரியாக, வெயில் அளவோடு சேர்த்து, எல்லாமே. எதையும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன்.

முதலாளி சௌந்தரபாண்டி வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். ஏழாவது பக்கம் வரை திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கைப்பேசியைப் பார்த்தார். பன்னிரண்டாவது பக்கத்தில் கையை உயர்த்தினார்.

"ஏம்மா, மொத்தத்துல என்ன சொல்ல வர்ற?"

"அது வந்து... பல காரணங்கள் இருக்கலாம் சார்."

"இருக்கலாமா, இருக்கா?"

பதிமூன்றாவது பக்கத்தைத் திரையில் போட்டேன். தாரணி மேடம்தான் ஆதரவாக, "ஜனவரி ரிப்போர்ட் எவ்வளவு தெளிவா இருந்துச்சு செண்பகவல்லி" என்றார். முதலாளி எழுந்துவிட்டார். முப்பத்தொரு பக்கமும் தயாரிக்க நான்கு நாள் ஆனது. கடைசிப் பதினெட்டுப் பக்கத்தை யாரும் பார்க்கவே இல்லை.

அறிவழகனிடம் சொன்னேன். பஸ்ஸில் கண்டக்டர் டூட்டி முடிந்து வந்து காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடமும் அந்தப் பக்கங்களைக் காட்டினேன். ஒன்பதாவது பக்கத்தில் தூங்கிவிட்டார். எழுப்பினேன்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"திருமங்கலம் போகுமான்னு ஒருத்தர் படியில நின்னு கேக்குறாருன்னு வையி. அவருகிட்டப் போயி இந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும், எத்தனை சீட்டு, நேத்து எத்தனை பேரு ஏறுனாங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தா இறங்கிப் போயிருவாரு. போகும், போகாது. அதத்தான் அவரு கேட்டாரு."

"முதலாளி என்ன கேட்டாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீதானே அங்க இருந்த."

கோபம் வந்தது. ஆனால் பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். முதலாளி கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண்கள் மாவைக் கெடுக்கிறார்களா, இல்லையா? அதற்கு என் முப்பத்தொரு பக்கத்திலும் பதில் இல்லை. எனக்கே தெரியவில்லை.

மார்ச் 13, புதன்

விடியக்காலை வண்டியில் போனேன். பாயிடம் கேட்டபோது சிரித்தார். ஆனால் முன் சீட்டில் இடம் ஒதுக்கிவிட்டார். நோன்பு தொடங்கிவிட்டதால் அவர் விடியுமுன்பே சாப்பிட்டு முடித்துத் தெம்பாக இருந்தார். தரப்பரிசோதனை அறையிலிருந்து தெர்மாமீட்டரை வாங்கிக்கொண்டேன்.

செல்லூரில் பொன்னையா என்பவருடைய கடை. ஐந்தரை மணி. நாங்கள் போய் நின்றபோதுதான் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே போனதும் சாமி படத்துக்குக் கூட விளக்கு போடவில்லை. நேராகப் பின்சுவருக்குப் போய் மெயின் சுவிட்சைப் போட்டார். லைட் எரிந்தது. பிரிட்ஜ் அப்போதுதான் உறும ஆரம்பித்தது.

"ராத்திரி பிரிட்ஜை அணைச்சிடுவீங்களா அண்ணே?"

"பூட்டும்போது மெயினையே அணைச்சிருவேன் தங்கச்சி. நாலு வருசத்துக்கு முன்னாடி வயரு எரிஞ்சு கடை பாதி போயிருச்சு. அதுலருந்து ஆன்ல வச்சுட்டுப் போனா வீட்டுல படுக்க முடியல."

தெர்மாமீட்டரை பிரிட்ஜுக்குள் வைத்தேன். ஐந்துக்குள் இருக்க வேண்டியது, பத்தொன்பது டிகிரி. மூன்று நாளுக்கென்று நேற்று மொத்தமாக இறக்கிய பாக்கெட்டுகளில் நான்கு, வயிறு உப்பி உட்கார்ந்திருந்தன. எல்லாமே இரண்டாம் ஷிப்ட்.

அடுத்து ஆறு கடைகள். ஐந்தில் அதே கதை. ஒருவருக்கு ஷாக் அடித்த பயம், ஒருவருக்குக் கட்டிடச் சொந்தக்காரர் கண்டிப்பு. ஒருவர் மட்டும் ஏன் அணைக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. அவருடைய அப்பா அணைப்பாராம்.

எனக்கு வண்டியிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. பாய் பக்கத்தில் இருந்ததால் குதிக்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

தாரணி மேடத்திடம் போனேன். கையில் ஒரு தாள்கூட எடுத்துப் போகவில்லை.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. இரண்டாம் ஷிப்ட் மாவு பெரிய கடைக்கும், முதல் ஷிப்ட் மாவு தெருக்கடைக்கும் போனா என்ன ஆகும்?"

பேனாவைக் கீழே வைத்தார்.

"தெரியலையே" என்றார். "பாக்கலாமா?"

நாளையிலிருந்து ஏழு நாள் மாற்றி அனுப்ப ஒப்புக்கொண்டார். முதலாளியிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

மார்ச் 15, வெள்ளி

வண்டி மாறியது. பாய் இரண்டு பக்கமும் தானே நின்று ஏற்றினார்.

மார்ச் 17, ஞாயிறு

துணி துவைத்தேன். மத்தியானம் மீன் குழம்பு. திரும்பி வந்த பாக்கெட்டுகளைப் பற்றி நினைக்கக் கூடாது என்று முடிவு செய்து, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

பாய் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். ஒரு டம்ளரைக் காளீஸ்வரியக்காவுக்குக் கொடுக்கப் போனேன். கூடத்தில் எல்லோரும் வாய் மூடி வேலை பார்த்தார்கள். முன்பெல்லாம் பாட்டு கேட்கும். அக்கா ஓரமாக நின்று கஞ்சியைக் குடித்துவிட்டு, "உப்பு எங்க கையளவவிட ஒரு சிட்டிகை தூக்கல்" என்றார். ஒரே அளவுக் கரண்டியில் பதினோரு வருடமாக மாவுக்கு உப்பு போடுகிறாராம். கரண்டியைக் காட்டினார். விளிம்பு தேய்ந்து கூர்மையாகிவிட்டிருக்கிறது.

யார் அந்தப் படம் போட்டது என்று அவர் இன்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

மார்ச் 24, ஞாயிறு

கடைசிப் பாக்கெட்டுகளும் வந்துவிட்டன. ஞாயிறு என்றாலும் போய் எண்ணினேன். இரண்டு தடவை. பிறகு பாயை எண்ணச் சொன்னேன்.

இரண்டாம் ஷிப்ட் மாவு பெரிய கடைகளில்: நூற்றுக்கு இரண்டு.

முதல் ஷிப்ட் மாவு தெருக்கடைகளில்: நூற்றுக்கு எட்டு.

மார்ச் 25, திங்கள்

சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். இருந்தேன், பதினொரு மணி வரைக்கும். பிறகு புதன்கிழமைக் கூட்டத்துக்கு என்ன சொல்வது என்று எழுத உட்கார்ந்தேன். எங்கிருந்து தொடங்கினாலும் ஜனவரி அறிக்கைக்கே வந்து நின்றது.

அதை நான்தான் தயாரித்தேன்.

தாரணி மேடம் ஷிப்டுவாரியாகக் கேட்டார், கொடுத்தேன். இரண்டாம் ஷிப்ட் பட்டைக்குச் சிவப்பு வண்ணம் கொடுத்தது மட்டும் அவர் சொல்லி அல்ல. கண்ணில் பட வேண்டும் என்று நானாகக் கொடுத்தேன். "பிரமாதம், பார்த்ததும் புரியுது" என்று முதலாளி பாராட்டினார். அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன். எண் எதுவும் தப்பில்லை. அதனால்தான் இத்தனை நாளாக என்னிடமே நான் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடிந்தது. ஆனால் வெறும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. சிவப்பாக ஒரு பட்டை நின்றால், யார் தப்பு செய்தது என்று மனசு தானாகவே கேட்டுவிடுகிறது. பதிலையும் அதுவே சொல்லிக்கொள்கிறது. அந்தப் பெண்கள் கை கழுவுவதில்லை என்ற கதை அப்படித்தான் பிறந்தது.

நாளை சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 26, செவ்வாய்

சொன்னேன். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு, கை கழுவும் இடத்தில். சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, அந்தப் படத்தப் போட்டது நான்தான்."

காளீஸ்வரியக்கா குழாயை மூடினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"மூணு வாரம்" என்றார். "மூணு வாரமா எங்கிட்டச் சிரிச்சுப் பேசுன. கஞ்சி கொண்டாந்து குடுத்த."

"பயமா இருந்துச்சுக்கா."

"எனக்கு மட்டும் இல்லியா?"

மாற்றி அனுப்பிப் பார்த்ததையும், பொன்னையா கடை பிரிட்ஜையும், பெரிய கடைகளில் இரண்டு ஷிப்டுக்கும் நூற்றுக்கு இரண்டே வந்ததையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இத நாளைக்கு முதலாளிகிட்டச் சொல்லப் போறியா?"

"ஆமாக்கா. நீங்களும் வரணும். தாரணி மேடம்கிட்டக் கேட்டுட்டேன்."

"அந்தப் படம் யாரு போட்டதுங்கிறதையும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 27, புதன்

ஒரே ஒரு தாள். அதில் நான்கு பட்டைகள். பெரிய கடைகளில் இரண்டு ஷிப்ட் மாவும் பக்கத்தில் பக்கத்தில். தெருக்கடைகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் வண்ணம். சுவரில் ஒட்டி, மேலே ஒரு வெள்ளைத் தாளை மறைத்து வைத்திருந்தேன். முதலாளி, தாரணி மேடம், பாய். கதவோரம் காளீஸ்வரியக்கா, நின்றபடி.

"சார், ஜனவரியில நான் ஒரு படம் போட்டேன். அதப் பாத்துட்டுத்தான் இரண்டாம் ஷிப்டை நிறுத்தலாம்னு சொன்னீங்க. அதுல எண்ணெல்லாம் சரி. ஆனா அது சொன்ன சேதி தப்பு. தப்பு என்னோடது."

தாரணி மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

"போன புதன்கிழமைக்கு முந்தின புதன், காலைல அஞ்சரை மணிக்கு, செல்லூர்ல பொன்னையா அண்ணன் கடைக்குப் போனேன். ஷட்டரைத் தூக்குனதும் அவரு முதல்ல என்ன செஞ்சாரு தெரியுமா சார்?"

முதலாளி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "மெயினைப் போட்டிருப்பான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படி சார்..."

"நான் கீழவாசல்ல பன்னெண்டு வருசம் கடை வச்சிருந்தவன்ம்மா. தெனம் மெயினை அணைச்சிட்டுப் பூட்டைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் போவேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். "அடக் கடவுளே. அப்ப ராத்திரி பூரா மாவு..."

நான் வெள்ளைத் தாளை எடுத்தேன். அதன்பின் அதிகம் பேச வேண்டி வரவில்லை. எந்தக் கை அரைத்தாலும் பெரிய கடைக்குப் போனால் கெடாமல் நிற்கிறது, தெருக்கடைக்குப் போனால் பொங்குகிறது. முதலாளி எழுந்து வந்து பட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தெருக்கடையில இவுகளுது ஒம்போது, அவுகளுது எட்டு. அந்த ஒண்ணு எதனால?"

பழைய நான் என்றால் ஆறு காரணம் சொல்லியிருப்பேன். "தெரியல சார்" என்றேன்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, மத்ததை நம்பலாம்" என்றார்.

தாரணி மேடம், "ஷிப்டுவாரியா கேட்டது நான்தான்ப்பா. கேள்வியே கோணல்" என்றார். பாய்தான் வழி சொன்னார். தெருக்கடைக்கு மூன்று நாள் சரக்கை ஒரே தடவையில் இறக்காமல், அன்றன்றைக்கு விற்கிற அளவு மட்டும் தினமும் கொடுத்தால் போதும். வண்டி எப்படியும் தினம் அந்தத் தெருவழியாகத்தானே போகிறது. முதலாளி தலையாட்டினார். பிறகு கதவோரம் திரும்பினார்.

"காளீஸ்வரி, பதினோரு வருசம் இங்க இருக்க. ஒன்னையக் கூப்புட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் நான்."

"ஆமாங்க முதலாளி, கேட்டிருக்கணும்" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். இரண்டாம் ஷிப்ட் தொடர்கிறது.

ஏப்ரல் 1, திங்கள்

தெருக்கடைகளில் நூற்றுக்கு மூன்று. காளீஸ்வரியக்கா வழியில் பார்த்தால் தலையசைக்கிறார். பேசுவதில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

கூடத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. ஜன்னலை முழுசாகத் திறந்து வைத்தேன்.

ஏப்ரல் 8, திங்கள்

காளீஸ்வரியக்கா மேசைக்கு வந்தார். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாசா மாசம் மேல எடுத்துட்டுப் போறீல்ல, அந்தத் தாளு. இனிமே மொதல்ல எங்ககிட்டக் காட்டணும். எங்களப் பத்தின சேதி ஊருக்கெல்லாம் தெரிஞ்சபெறகு எங்களுக்கு வரக் கூடாது."

"வாரா வாரமே காட்டுறேன்க்கா."

"எங்களுக்குப் புரியிற மாதிரி இருக்கணும். நாங்க ஒங்க அளவுக்குப் படிக்கல."

"புரியலைன்னா அது என் தப்புக்கா."

"அது சரி" என்றார். எழுந்து போகும்போது என் தூக்கைத் திறந்து பார்த்தார். "கத்தரிக்காயா? காரம் பத்தாது போலிருக்கே."

ஏப்ரல் 12, வெள்ளி

நேற்று ரம்ஜான். பாய் வீட்டுப் பிரியாணி இன்றும் சுற்றி வந்தது.

ஒரு மணிக்குக் கூடத்துச் சுவரில் முதல் தாளை ஒட்டினேன். இருபத்திரண்டு பேரும் வலைத்தொப்பியோடு வந்து நின்றார்கள். இந்த வாரம் எத்தனை பாக்கெட் போனது, எத்தனை திரும்பியது, எந்தத் தெருவிலிருந்து. நான் தாளுக்குப் பக்கத்தில் நின்று விளக்க ஆரம்பித்தேன். இது போன வாரம், இது இந்த வாரம், இந்தக் கோடு எதற்கென்றால்...

"ஏய், ஆரப்பாளையம் ஏன் கூடியிருக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அங்க திருவிழா, கடைய மூணு நாள் சாத்திட்டாக" என்று இன்னொருத்தி. "அப்ப அந்த மூணு நாளு மாவு எதுக்குப் போச்சு? பாய்கிட்டச் சொல்லுங்கடி." எனக்குத் தெரியாத திருவிழா அது. எழுதிக்கொண்டேன். அதற்குள் இரண்டு பேர் முனிச்சாலைக் கணக்கைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். நான் சத்தமாக, "இப்போ இந்தப் பட்டையைப் பாத்தீங்கன்னா" என்று மறுபடி தொடங்கினேன்.

"செம்பகம்" என்றார் காளீஸ்வரியக்கா, கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல். "கொஞ்சம் தள்ளி நில்லு தாயி. மறைக்குது."

தள்ளி நின்றேன்.